சொந்த நிரல்மொழிக்குச் செயற்குறிகளை அமைப்பது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், விலைக் கணக்குகளை ஊழியர்களே எழுதிக்கொள்ள ஒரு குட்டி நிரல்மொழி தேவைப்பட்டது. எழுதிக் கொடுத்தேன். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், அடைப்புக்குறி, அவ்வளவுதான். இரண்டு வாரம் ஒரு புகாரும் வரவில்லை. பிறகு ஒரு நாள் கணக்குப் பிரிவைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் ஒரு ரசீதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அதற்கான சூத்திரம் இது:

விலை - தள்ளுபடி - கூப்பன்

விலை 1000, தள்ளுபடி 100, கூப்பன் 50. வர வேண்டியது 850. ரசீதில் 950 என்று அச்சாகியிருந்தது. நான் எழுதிய மொழி அந்தச் சூத்திரத்தை 1000 - (100 - 50) என்று படித்திருக்கிறது. என் சோதனைகளில் ஒரே வரியில் இரண்டு கழித்தல் வரவே இல்லை. அதனால் எனக்குத் தெரியவில்லை, வாடிக்கையாளருக்குத் தெரிந்தது.

சொந்தமாக ஒரு நிரல்மொழியை உருவாக்கிப் பார்க்கும் ஆசை பலருக்கும் உண்டு. இந்த வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் வகைகள், நினைவக மேலாண்மை போன்ற பெரிய விஷயங்களில் கவனத்தைச் செலவிடுகிறார்கள். செயற்குறிகளை, அதாவது ஆபரேட்டர்களை, ஏற்கெனவே இருக்கும் ஏதாவதொரு மொழியிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மொழி ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்த பிழையும் கூடவே வந்துவிடுகிறது. அப்படி நேராமல் இருக்க என்ன செய்யலாம் என்பதை, நான் செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வேலை: கோவைகளை எழுதிப் பாருங்கள்

இலக்கணம் எழுதுவதற்கு முன், ஒரு தாளை எடுத்து உங்கள் மொழியில் மக்கள் எழுதப்போகும் கோவைகளில், அதாவது மதிப்புகளும் குறிகளும் சேர்ந்த கணக்கு வரிகளில், முப்பதை எழுதுங்கள். கற்பனையான அ + ஆ வேண்டாம். உங்கள் மொழி எதற்காகவோ அந்த வேலையிலிருந்து எடுங்கள். வரிக் கணக்கு என்றால் வரிக் கணக்கு. படம் வரைவது என்றால் புள்ளிகளும் கோணங்களும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், எழுதியவர் மனத்தில் நினைத்திருக்கும் பொருளை முழு அடைப்புக்குறிகளோடு எழுதுங்கள்.

விலை + விலை * வரி / 100
விலை + ((விலை * வரி) / 100)

இதை நீங்கள் மட்டும் செய்தால் போதாது. நிரல் எழுதாத இருவரிடமாவது அடைப்புக்குறி இல்லாத தாளைக் கொடுத்து, எங்கே அடைப்புக்குறி வரும் என்று கேளுங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் போட்டால் அந்தப் பொருள் உங்கள் மொழிக்கு உரியது. ஆளுக்கோர் இடத்தில் போட்டால் அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள். இந்தச் சிவப்பு வட்டங்களுக்குப் பின்னால் பெரிய வேலை இருக்கிறது.

குறிகளைத் தேர்ந்தெடுத்தல்

பள்ளியில் × என்று எழுதிய பெருக்கலை நிரலில் * என்று எழுதுகிறோம். 1957இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டபோது, துளை அட்டை இயந்திரங்களில் × கிடையாது. இருந்ததை வைத்துச் சமாளித்தார்கள். எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் ஆஸ்கி தரத்தின் 1963 முதல் பதிப்பில் ← என்ற அம்பும் ↑ என்ற அம்பும் இருந்தன. 1967இல் அந்த இடங்களில் _ குறியும் ^ குறியும் அமர்ந்தன. அந்த இடது அம்பு நிலைத்திருந்தால், மதிப்பிருத்தலுக்கு, அதாவது ஒரு மாறிக்கு மதிப்புக் கொடுப்பதற்கு, இன்று எல்லோரும் அதையே எழுதிக்கொண்டிருக்கலாம்.

மதிப்பிருத்தல்தான் முதல் சிக்கல். 1557இல் ராபர்ட் ரெக்கார்டு என்ற வேல்ஸ் நாட்டுக் கணித அறிஞர் = குறியைச் சமத்துக்காக அச்சில் கொண்டுவந்தார். அல்கால் குடும்பத்து மொழிகளும் பாஸ்கலும் அந்தப் பொருளை மதித்து, மதிப்பிருத்தலுக்கு := வைத்தன. சி மொழியும் அதற்கு முந்தைய பி மொழியும், அடிக்கடி வரும் மதிப்பிருத்தலுக்குச் சிறிய = குறியையும், ஒப்பிடுதலுக்கு == குறியையும் வைத்தன. தட்டச்சுக்கு வசதி. ஆனால் சி மொழியில் மதிப்பிருத்தலும் மதிப்புத் தரும் ஒரு கோவை. ஆகவே நிபந்தனைக்குள் ஒரு = குறையும்போது, ஒப்பிட வேண்டிய இடத்தில் மாறி மாற்றப்பட்டுவிடும்; நிரலை இயந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கம்பைலர் அதை ஏற்றுக்கொள்ளும்.

2003 நவம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரலின் ஒரு நகலில் யாரோ இரண்டு வரிகளைச் செருகினார்கள். பயனர் எண் பூஜ்யமா என்று சோதிப்பதைப் போலத் தோன்றிய அந்த வரியில் == இருக்க வேண்டிய இடத்தில் = இருந்தது. லினக்ஸில் பயனர் எண் பூஜ்யம் என்றால் முழு அதிகாரம் உள்ளவர். சோதிப்பதாகப் பாவனை செய்துகொண்டு, அழைத்தவருக்கு முழு அதிகாரத்தைக் கொடுக்கும் வரி அது. மாற்றத்துக்கான ஒப்புதல் பதிவு இல்லாததால் பிடிபட்டது. ஒரே ஒரு எழுத்து!

என் பரிந்துரை: = குறியை மதிப்பிருத்தலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பழகிய கைகளுக்கு அதுதான் எளிது. ஆனால் மதிப்பிருத்தலைக் கோவையாக்காதீர்கள். அது தனி வாக்கியமாகவே இருக்கட்டும். பைத்தான் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் செய்தது. கோவைக்குள் மதிப்பிருத்தும் வசதியை 2019இல் 3.8 பதிப்பில் சேர்த்தபோதுகூட அதற்கு := என்ற வேறு குறியைக் கொடுத்தது. அந்த ஒரு குறியைப் பற்றிய விவாதம் எவ்வளவு கடுமையாக நடந்ததென்றால், அது ஏற்கப்பட்ட சில நாட்களில், 2018 ஜூலையில், மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம் இறுதி முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகினார்.

அடுத்த சிக்கல், ஒரே குறிக்கு இரண்டு வேலை. ஜாவாஸ்கிரிப்டில் + எண்ணைக் கூட்டும், சரங்களையும், அதாவது எழுத்துத் தொடர்களையும், ஒட்டும். "5" + 2 என்றால் "52". ஆனால் "5" - 2 என்றால் 3. கழித்தலுக்குச் சரங்களோடு வேலை இல்லாததால் அது எண்ணாக மாற்றிக்கொள்கிறது. படிவத்திலிருந்து வரும் எண்கள் சரமாக வந்துசேரும் இணையப் பக்கங்களில் இதனால் விளைந்த தவறுகளுக்குக் கணக்கே இல்லை. லுவா மொழி ஒட்டுவதற்கு .. என்று தனிக் குறி வைத்திருக்கிறது. எண்ணும் சரமும் கலந்து புழங்கும் மொழி என்றால் லுவாவைப் பின்பற்றுங்கள். வகைகளைக் கண்டிப்பாகச் சோதிக்கும் மொழி என்றால் + இரண்டுக்கும் இருந்தாலும் பெரிய தீங்கில்லை.

படிவரிசை: நிதானமாக நிற்க வேண்டிய இடம்

ஒரு கோவையில் எந்தக் குறி முதலில் கணக்கிடப்படும் என்ற வரிசைதான் படிவரிசை; மேற்படியில் உள்ளது முதலில். இங்கே சி மொழியின் ஒரு வரியைக் கிட்டத்தில் பார்ப்போம்.

நிலை & 4 == 0

இதை எழுதுபவர் நினைப்பது: நிலை என்ற எண்ணை இரும இலக்கங்களாக (பிட்களாக) எழுதினால், நான்கின் பிட் அணைந்திருக்கிறதா? அதாவது (நிலை & 4) == 0. கம்பைலர் படிப்பது: நிலை & (4 == 0). நான்கும் பூஜ்யமும் சமமில்லை, ஆகவே நிலை & 0. விடை எப்போதும் 0. நிபந்தனை எந்நாளும் நிறைவேறாது.

ஏன் இப்படி? பி மொழியிலும் தொடக்க கால சி மொழியிலும் && கிடையாது. நிபந்தனைகளைச் சேர்ப்பதற்கும் & தான். அ == ஆ & இ == ஈ என்று எழுதினால் ஒப்பீடுகள் முதலில் நடக்க வேண்டும்; ஆகவே & கீழ்ப்படியில் இருந்தது நியாயமே. பிறகு நிபந்தனைகளுக்கென்று && வந்தது. & பிட் வேலைக்கு மட்டும் என்றானது. அப்போதே அதை மேற்படிக்கு ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றவில்லை. சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சி பின்னாளில் இதற்குச் சொன்ன காரணத்தைப் புதியவர்கள் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: ஏற்கெனவே சில நூறு கிலோபைட் நிரல் எழுதப்பட்டிருந்தது, மொழி ஏறக்குறைய மூன்று இடங்களில் நிறுவப்பட்டிருந்தது, அதனால் மாற்றாமல் விடுவதே பாதுகாப்பு என்று தோன்றியது.

மூன்று இடங்கள். அதற்குப் பின் வந்த சி++, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி எல்லாம் அதே வரிசையைச் சுமக்கின்றன. பைத்தான், கோ, ரஸ்ட் ஆகியவை இதைத் திருத்திக்கொண்டன.

உங்கள் மொழியை இப்போது நீங்களும் இரண்டு நண்பர்களும் பயன்படுத்துகிறீர்கள் என்றால், மாற்ற இதைவிட நல்ல காலம் வராது.

பாஸ்கலில் வேறு வகைச் சிக்கல். நிக்லாஸ் விர்த் படிகளை நான்காகச் சுருக்கினார். நல்ல எண்ணம்தான். ஆனால் 'மற்றும்' என்ற பொருள் தரும் செயற்குறியைப் பெருக்கலோடு ஒரே படியில் வைத்துவிட்டார். இரண்டு ஒப்பீடுகளைச் சேர்க்கும்போது ஒவ்வொன்றையும் அடைப்புக்குறிக்குள் போட்டே ஆக வேண்டும். ஆனால் இதில் ஒரு நன்மை உண்டு: பாஸ்கல் வகைகளைச் சோதிப்பதால் பெரும்பாலும் கம்பைலர் உடனே தடுத்துவிடும். சி மொழியின் தவறு சத்தமில்லாமல் ஓடும். தவறான படிவரிசைகளுக்குள்ளும் இந்த வேறுபாடு முக்கியம்.

படிகளே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. கென்னத் ஐவர்சனின் ஏபிஎல் மொழியில் குறிகள் ஏராளம். அத்தனைக்கும் படி வைத்தால் யாரும் நினைவில் கொள்ள முடியாது என்று, எல்லாவற்றையும் வலமிருந்து இடமாகக் கணக்கிடச் செய்தார். அங்கே 10 - 5 - 2 என்றால் 7. ஸ்மால்டாக் இடமிருந்து வலமாகவே போகும். 2 + 3 * 4 என்றால் 20. இரண்டும் சீரான விதிகள்தான். ஆனால் பள்ளிக்கூடம் பத்து வருடம் மனத்தில் பதித்த பழக்கத்தோடு மோதுகின்றன. பொது மக்களுக்கான மொழியில் இதைச் செய்ய வேண்டாம்.

இன்னொரு வழி தமிழருக்கு இயல்பாகவே வரும். "ஐந்தையும் மூன்றையும் கூட்டு" என்கிறோம். எண்கள் முன்னே, வினை பின்னே. 5 3 + என்று எழுதும் பின்னொட்டு முறை இதுவேதான். சார்லஸ் மூரின் ஃபோர்த் மொழியும், 1972இல் வந்த எச்பி-35 கால்குலேட்டரும் இந்த முறையில் இயங்கின. அடைப்புக்குறியும் தேவையில்லை, படிவரிசையும் தேவையில்லை. தமிழில் நிரல் எழுதுவதற்காக முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் நிபந்தனை முன்னால் வந்து 'ஆனால்' பின்னால் வருவது இந்த இயல்பை ஒட்டியதே. ஆனால் கணக்குக் குறிகளை எழிலும் நடுவில்தான் வைத்திருக்கிறது. பேசும்போது எப்படிச் சொன்னாலும், தாளில் கணக்கு எழுதும் கை நடுவில் குறி போட்டே பழகியிருக்கிறது.

சரி, உங்கள் படிவரிசையை எப்படி அமைப்பது? சி மொழியின் அட்டவணையில் 15 படிகள். கோ மொழியில் இரு பக்கக் குறிகளுக்கு 5 படிகள்தான். தொடங்குவதற்கு இந்த அளவு போதும், மேலிருந்து கீழாக: அடுக்கு; பெருக்கலும் வகுத்தலும்; கூட்டலும் கழித்தலும்; ஒப்பீடுகள்; 'மற்றும்', 'அல்லது'.

கடைசிப் படியில் இரண்டையும் ஒன்றாகப் போட்டிருப்பதைக் கவனியுங்கள். அங்கேதான் சிவப்பு வட்டங்கள் வருகின்றன.

அ அல்லது ஆ மற்றும் இ

பெரும்பாலான மொழிகளில் 'மற்றும்' உயர்ந்தது. நிரலர்கள் பலரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்குத் தெரியாது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துத் திணிக்காதீர்கள். ஏற்க மறுத்துவிடுங்கள். இரண்டையும் அடைப்புக்குறி இல்லாமல் கலந்தால் பிழை என்று அறிவியுங்கள்.

இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் பெரிய மொழிகளே இந்த வழிக்கு வந்துகொண்டிருக்கின்றன. 2020இல் ஜாவாஸ்கிரிப்டில், இல்லாத மதிப்புக்கு மாற்று தரும் ?? குறி வந்தபோது, அதை || அல்லது && குறியோடு அடைப்புக்குறி இல்லாமல் கலக்கக் கூடாது என்று விதித்தார்கள். அதே மொழியில் -2 ** 2 என்பதும் பிழை (** என்பது அடுக்குக் குறி). ஏனென்றால் பைத்தானில் அதன் விடை -4; எக்செல் கட்டத்தில் =-2^2 என்று அடித்தால் விடை 4. இரு வழக்குகளும் மக்களிடம் இருக்கும்போது, எதைத் தேர்ந்தாலும் பாதிப்பேர் ஏமாறுவார்கள்.

மறுப்பதில் இன்னொரு ஆதாயமும் உண்டு, என்னைப் பொறுத்தவரை இதுதான் செயற்குறி அமைப்பில் மிக முக்கியமான செய்தி. இன்று பிழை என்று சொன்னதை நாளை அனுமதிக்கலாம். யாருடைய நிரலும் உடையாது. இன்று ஒரு பொருள் கொடுத்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. எடுத்தாலும் விலை அதிகம். பிஎச்பியில் சரம் ஒட்டும் புள்ளியும் கூட்டல் குறியும் ஒரே படியில் இருந்தன. "தொகை: " . $அ + $ஆ என்று எழுதினால் முதலில் ஒட்டி, பிறகு அந்தச் சரத்தோடு கூட்டப் பார்க்கும். இதைத் திருத்த, 7.4 பதிப்பில் எச்சரிக்கை கொடுத்து, 2020இல் வந்த 8.0 பதிப்பில்தான் மாற்ற முடிந்தது. மொழி பிறந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

எந்தப் பக்கம் சேரும்?

ஒரே படியில் உள்ள குறிகள் அடுத்தடுத்து வந்தால் எது முதலில் என்பதே என் ரசீதைக் கெடுத்த கேள்வி. கழித்தலும் வகுத்தலும் இடப்பக்கமாகச் சேர வேண்டும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அடுக்கு வலப்பக்கமாகச் சேர்வது கணித மரபு: பைத்தானில் 2 ** 3 ** 2 என்றால் 2 ** 9, அதாவது 512. எக்செல் இதிலும் வேறு; =2^3^2 என்றால் அங்கே 64.

ஒப்பீடுகளை எந்தப் பக்கமும் சேர்க்காதீர்கள். சி மொழியில் 3 > 2 > 1 பொய். முதலில் 3 > 2 கணக்கிடப்பட்டு 1 ஆகிறது, பிறகு 1 > 1 பொய்யாகிறது. பைத்தான் இதைக் கணிதத்தில் படிப்பது போலவே சங்கிலியாகப் படிக்கும். 1 < வயது < 18 என்று எழுத முடிவது உண்மையிலேயே அழகான வசதி. முதல் பதிப்பில் பிழை என்று வையுங்கள், பின்னால் நேரமிருந்தால் சங்கிலியைச் சேருங்கள். வரிசை தலைகீழாக இருந்தால் அது முடியாது.

எழுத்துகளைப் பிரிக்கும் இடத்தில் ஒரு பள்ளம்

பழைய இலக்கண உரைகளில் 'செம்பொன்பதின்தொடி' என்று ஓர் எடுத்துக்காட்டு உண்டு. செம்பொன் பதின் தொடி என்று பிரித்தால் பொன் பத்துத் தொடி எடை. செம்பு ஒன்பதின் தொடி என்று பிரித்தால் செம்பு ஒன்பது தொடி எடை. கடையில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றாகுமா? குறிகளைச் சேர்த்து எழுதும்போது கம்பைலருக்கும் இதே நிலைதான்.

பெரும்பாலான மொழிகள் கைக்கொள்ளும் விதி, முடிந்தவரை நீளமான குறியை எடுத்துக்கொள் என்பது. அ---ஆ என்று வந்தால் சி மொழி அ-- - ஆ என்று பிரிக்கும். விதி எளிது, ஆனால் புதுக் குறி சேர்க்கும் ஒவ்வொரு முறையும் பழைய குறிகளின் சேர்க்கையோடு மோதுகிறதா என்று பார்க்க வேண்டும். சி மொழியில், சுட்டி காட்டும் மதிப்பால் வகுக்க ஆ/*சுட்டி என்று இடைவெளி விடாமல் எழுதினால் வகுத்தல் நடக்காது. /* என்பது குறிப்புரையின் தொடக்கம். சி++ மொழியில் ஒரு வகைக்குள் இன்னொரு வகையை வைத்து >> என்று முடித்தால், அதை பிட் நகர்த்தும் குறியாக எடுத்துக்கொண்டு கம்பைலர் நின்றுவிடும். 2011 தரம் வரும்வரை நடுவில் இடைவெளி விட்டு > > என்றுதான் எழுதிவந்தார்கள்.

பி மொழியில் கழித்து இருத்தும் குறி =- என்று இருந்தது. அ=-1 என்றால் அ மாறிக்கு -1 கொடுப்பதா, அ மாறியிலிருந்து 1 கழிப்பதா? இந்தக் குழப்பத்தால்தான் அதைத் திருப்பி -= ஆக்கினார்கள். உங்களுக்கான விதி: ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகள் கொண்ட குறியின் கடைசி எழுத்து, முன்னொட்டாகவும் வரக்கூடிய குறியாக இருக்கக் கூடாது. ஒரு கட்டம் வரைந்து, இடப்பக்கமும் மேலேயும் உங்கள் குறிகளை எல்லாம் எழுதி, ஒவ்வொரு இணையையும் ஒட்டிப் பாருங்கள். பதினைந்து குறி என்றால் 225 கட்டங்கள். ஒரு மாலை நேர வேலை.

ஒன்று கூட்டும் ++, ஒன்று கழிக்கும் -- இரண்டையும் விட்டுவிடுங்கள். ஸ்விஃப்ட் மொழி 2016இல் மூன்றாம் பதிப்பில் அவற்றை நீக்கியே விட்டது. += போதும்.

பார்சரை எழுதுதல்

பார்சர் என்பது கோவையைப் படித்து எது எதோடு சேரும் என்று பிரிக்கும் நிரல். இந்தப் பகுதிதான் புதியவர்களைப் பயமுறுத்துகிறது. உண்மையில் இதுவே மிகச் சிறியது. முதல் ஃபோர்ட்ரான் கம்பைலர் படிவரிசையை எப்படிக் கையாண்டது தெரியுமா? எழுத்துகளை மாற்றியே! ஒவ்வொரு + குறிக்கும் பதிலாக ))+(( என்றும், ஒவ்வொரு * குறிக்கும் பதிலாக )*( என்றும் எழுதியது. கோவையின் தொடக்கத்தில் (( சேர்த்தது, முடிவில் )) சேர்த்தது. அ*ஆ+இ என்பது ((அ)*(ஆ))+((இ)) ஆகிவிடும். நீங்களே ஒரு தாளில் செய்து பாருங்கள், மனம் நிறையும்.

இன்று நான் பரிந்துரைப்பது, 1973இல் வாஹன் பிராட் வெளியிட்ட முறை. ஒவ்வொரு குறிக்கும் ஒரு வலு எண் கொடுக்கிறோம். கூட்டல், கழித்தல் 10; பெருக்கல், வகுத்தல் 20; அடுக்கு 30. எண்களுக்கு நடுவே இடைவெளி விட்டிருப்பது பின்னால் புதுக் குறியை நுழைக்க. கோவை முடிந்துவிட்டால் வலு -1 என்று கொள்ளுங்கள். மூடும் அடைப்புக்குறிக்கும் அதுவே. பிறகு ஒரே ஒரு செயற்கூறு. அதில் டோக்கன் என்பது பிரித்தெடுத்த ஓர் எண் அல்லது குறி; கணு என்பது ஒரு குறியையும் அதன் இரு பக்கங்களையும் சேர்த்து வைக்கும் முடிச்சு, கணுக்கள் சேர்ந்தால் கோவையின் மரம்:

கோவை(வரம்பு):
  இடது = முதல் உறுப்பைப் படி
  அடுத்த குறியின் வலு >= வரம்பு ஆக உள்ளவரை:
    குறி = அடுத்த டோக்கனை எடு
    குறி இடப்பக்கம் சேருமானால் வலது = கோவை(வலு + 1)
    வலப்பக்கம் சேருமானால் வலது = கோவை(வலு)
    இடது = கணு(குறி, இடது, வலது)
  இடதைத் திருப்பிக் கொடு

7 - 2 * 3 - 1 என்பதை இதில் விட்டுப் பார்ப்போம். கோவை(0) தொடங்குகிறது, இடது 7. அடுத்தது கழித்தல், வலு 10, வரம்பு 0, எடுத்துக்கொள்கிறது. கழித்தல் இடப்பக்கம் சேர்வதால் கோவை(11) அழைக்கப்படுகிறது. அங்கே இடது 2. அடுத்தது பெருக்கல், வலு 20, வரம்பு 11. எடுத்துக்கொண்டு கோவை(21) அழைக்கிறது. அங்கே இடது 3. அடுத்தது கழித்தல், வலு 10. வரம்பு 21 ஆயிற்றே, ஆகவே 3 மட்டும் திரும்புகிறது. நடு அழைப்பில் 2 * 3 கணு உருவாகிறது. கழித்தலின் 10 அங்கேயும் 11ஐ எட்டவில்லை. 2 * 3 திரும்புகிறது. வெளியே 7 - (2 * 3) உருவாகிறது. இப்போது அடுத்த கழித்தல். 10க்கு வரம்பு 0, எடுத்துக்கொள்ளலாம். முடிவு (7 - (2 * 3)) - 1, அதாவது 0.

அந்த "வலு + 1" இல்லாமல் வெறும் வலுவை அனுப்பினால் என்ன ஆகும்? இரண்டாவது கழித்தலையும் உள்ளே இருக்கும் அழைப்பே விழுங்கிவிடும். 1000 - (100 - 50) அப்படித்தான் வந்தது. இந்த முறையை அறியாமல், 'கோவை என்பது ஓர் எண், ஒரு கழித்தல், பிறகு ஒரு கோவை' என்று இலக்கணத்தை நேரே நிரலாக்கியிருந்தேன். அப்படி எழுதினால் எல்லாமே வலப்பக்கம் சேர்ந்துவிடும். முதல் பார்சரை எழுதும் பலரும் விழும் குழி இது.

எண்ணுக்கு முன்னால் வரும் கழித்தலை 'முதல் உறுப்பைப் படி' என்ற இடத்தில் கவனிக்க வேண்டும். - வந்தால் கோவை(25) அழைத்து, வருவதை எதிரெண் ஆக்குங்கள். 25 பெருக்கலுக்கு மேலே, அடுக்குக்குக் கீழே. ஆகவே -2 ** 2 என்பது -(2 ** 2) ஆகும். 35 கொடுத்தால் (-2) ** 2 ஆகிவிடும். இரண்டும் வேண்டாம், பிழை என்று அறிவிக்க வேண்டும் என்றால் அதற்குத் தேவையானது அடுத்து வருகிறது.

அடைப்புக்குறிக்குள்ளிருந்து வந்த கணுவுக்கு ஓர் அடையாளம் போட்டு வையுங்கள். கணு உருவாகும் இடத்தில், 'மற்றும்' குறிக்கு இடதோ வலதோ 'அல்லது' கணுவாக இருந்து, அதற்கு அடையாளம் இல்லையென்றால் பிழை. திருப்பிப் போட்டாலும் அதே. முன்னால் வரும் கழித்தலுக்கும் இதே சோதனைதான்: அதற்குக் கிடைத்தது அடையாளமில்லாத அடுக்குக் கணு என்றால் நிறுத்துங்கள். பிழைச் செய்தியை மட்டும் சோம்பல் படாமல் எழுதுங்கள். "தொடரியல் பிழை, வரி 4" என்பது யாருக்கும் உதவாது. இப்படி இருக்கட்டும்:

வரி 4: 'அல்லது', 'மற்றும்' இரண்டும் சேர்ந்து வந்துள்ளன. இவற்றில் ஒன்றை எழுதவும்:
  (அ அல்லது ஆ) மற்றும் இ
  அ அல்லது (ஆ மற்றும் இ)

பயனரின் மாறிப் பெயர்களையே போட்டு இரண்டு வழிகளையும் காட்டும்போது, அவர் செய்தியிலிருந்தே எடுத்து ஒட்டிவிடலாம். அடைப்புக்குறி கேட்பது தொல்லை என்ற புகார் அதோடு நின்றுவிடுகிறது.

பயனர்களே குறி உருவாக்கலாமா?

முதல் பதிப்பில் வேண்டாம். ஹாஸ்கெல் மொழியில் யாரும் புதுக் குறி உருவாக்கி, 0 முதல் 9 வரை படியும், சேரும் பக்கமும் அறிவிக்கலாம். அங்கே அது வளமாக வேலை செய்கிறது. ஆனால் ஒரு கோவையைப் படிக்க, அந்தக் குறி எங்கே எப்படி அறிவிக்கப்பட்டது என்று தேடிப்போக வேண்டும். சி++ இருக்கும் குறிகளுக்குப் புதுப்பொருள் தர மட்டும் அனுமதிக்கிறது, படியை மாற்ற விடாது. அச்சிடும் வேலைக்கு அங்கே << குறியை எடுத்துக்கொண்டதால், ஒப்பீட்டைவிட அது உயர்ந்த படியில் நிற்கிறது. ஓர் ஒப்பீட்டின் விடையை அச்சிட அடைப்புக்குறி போட்டாக வேண்டும்.

ஒரு துறைக்கு ஒரு குறி உண்மையிலேயே தேவைப்பட்டால் மொழியே அதைச் சேர்க்கலாம். அணிகளைப் பெருக்க @ குறியை பைத்தான் 2015இல் 3.5 பதிப்பில் சேர்த்தது. அதற்கான முன்மொழிவு, வாசிப்பு எப்படி எளிதாகிறது என்று உண்மையான சூத்திரங்களை இரண்டு விதமாகவும் எழுதிக் காட்டியது. நம் முப்பது கோவைகள் கொண்ட தாளும் அதே வேலைக்குத்தான்.

சோதனை

அந்தத் தாளை எடுங்கள். இடப்பக்கம் உள்ள வரியைப் பார்சருக்குக் கொடுத்து, கிடைக்கும் மரத்தை முழு அடைப்புக்குறிகளோடு திரும்ப அச்சிடச் செய்யுங்கள். வலப்பக்கம் நீங்கள் எழுதியதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். விடை எண்ணை மட்டும் ஒப்பிடாதீர்கள். 8 - 4 - 0 போன்றவற்றில் தவறான மரமும் சரியான எண்ணைத் தந்துவிடும். சிவப்பு வட்டம் போட்ட வரிகள் எல்லாம் பிழை தர வேண்டும், அதுவும் ஒரு சோதனைதான்.

பிறகு குறிகளில் எந்த இரண்டை எடுத்தாலும் அ குறி1 ஆ குறி2 இ என்ற வரி சோதனையில் இருக்கும்படி ஒரு சிறு நிரலால் உருவாக்கிக்கொள்ளுங்கள். ஒரே குறி இரண்டு முறை வரும் வரிகளையும் விடாதீர்கள். பதினைந்து குறிக்கு அதே 225 வரிகள். அவற்றின் முடிவுகளை ஒரு முறை கண்ணால் பார்த்துச் சரி என்று உறுதி செய்து, கோப்பில் சேமித்து வையுங்கள். இனிப் புதுக் குறி சேர்க்கும்போதோ ஒரு வலு எண்ணை மாற்றும்போதோ, எந்த வரிகளின் பொருள் மாறுகிறது என்று அந்தக் கோப்பே காட்டும். என்னிடம் இருக்கும் கோப்பின் முதல் வரி விலை - தள்ளுபடி - கூப்பன்.